துபாய்க்காரர் திரும்பி வந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை, மணி பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது. ஹமீது பீவி தெருப்பக்கத்து ஜன்னலின் ஒரு கதவைச் சாணளவு திறந்துவிட்டு, அதற்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்தாள். மடியில் நூல் கோத்த தாள்கட்டு. கையில் பென்சில். அவள் புருஷன் தாஜ் முகம்மது மவுத்தாகி அன்றோடு முப்பத்தெட்டு நாள். புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் நாலு மாதம் பத்து நாளைக்கு வாசற்படி தாண்டக்கூடாது. ஜன்னலுக்குக் கீழே உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஐந்து நிமிடத்தில் அவர் டிவியில் வரப்போகிறார்.

மேலப்பாளையத்தில் தாஜ் முகம்மது யாரென்று கேட்டால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். துபாய்க்காரர் என்றால் அவர் ஒருவர்தான். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியிலிருந்து ஓடிய உள்ளூர் கேபிள் சேனலில் ஆறு வருஷம் வாராவாரம் வந்தவர். கதை ஒன்றும் பெரிதில்லை. துபாய்க்கு வேலைக்குப் போய்ப் பதினோரு நாளில் திரும்பி வந்துவிட்ட ஒரு மனிதர். அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு ஊரில் உள்ளதையெல்லாம் எடை போடுவார். ஆற்றில் வெள்ளம் வந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போனாலும், சாளைக் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும், குடையைத் தரையில் ஊன்றி நின்று, "துபாய்ல இதுக்குப் பேரே வேற வே" என்பார். அந்தப் பேர் என்ன என்று கடைசி வரைக்கும் சொல்லமாட்டார். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே அந்த வசனத்தைச் சொல்லித்தான் டிக்கெட் கிழிப்பார். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. நிகழ்ச்சி நின்றது. ஒன்பது வருஷம் கழித்து, அதே டைரக்டர் டைட்டஸ் துபாய்க்காரரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றான். தை மாதம் சீவலப்பேரியில் நாலு வாரத்துக்கானதைப் படம் பிடித்தார்கள். மாசியில் அவர் போய்விட்டார்.

வசனமெல்லாம் அவர் வாயில் பிறந்தவை. அஞ்சாம் வகுப்போடு நின்றவர் என்பதால் தாளில் எழுதியது ஹமீது பீவி. சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது, பல் துலக்கும்போதெல்லாம் சொல்லுவார். இவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவாள்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. "இந்தத் தெருப் பொம்பளைங்க டிவி பாக்கதில்லளா, கேக்காங்க" என்பார். "கண்ணு பூராவும் பீடி இலையில கிடக்கு. நான் மூஞ்சியைக் கோணிக்கிட்டு நின்னா யாரு பாக்கப் போறா? காது வழியாத்தான் உள்ள போவணும்." நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் அவர் ஒருநாளும் டிவி முன்னால் உட்கார்ந்ததில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போகிறவர் மாதிரி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் கனி கடை வரைக்கும் பையப் பைய நடப்பார். எந்த வசனத்துக்கு எந்த வீட்டில் சிரித்தார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டு வருவார். இவள் தாளை எடுத்து வைத்திருப்பாள். அவர் சொல்லச் சொல்ல, சிரிப்பு வந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கீற்று.

"முதல்ல கத்தரி நிக்கும்" என்று ஒருநாள் சொன்னார். "இலை வெட்டுத கத்தரிதான். அது நின்னுச்சுன்னா அடுத்து சிரிப்பு வருதுன்னு அர்த்தம். கத்தரி நிக்காம வாரது மரியாதைக்குச் சிரிக்கது. அதுக்குக் கீற்றுப் போடாத."

போவதற்கு ஒரு வாரம் முன்பு, படுக்க முடியாமல் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மூச்சு பாதி வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "நான் போக முடியாட்டி... நீ போயிக் கேட்டுட்டு வாளா. கனி கடை வரைக்கும். நாலு வாரமும்... போவணும்."

கேட்டுவிட்டு வந்து யாரிடம் சொல்ல என்று அவள் வாய்வரைக்கும் வந்தது. "சரி, போறேன்" என்றாள். இத்தா ஒன்று இருக்கிறதே என்று அந்த நேரம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தெருவில் நடக்க முடியாது. அதனால் ஜன்னல்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டில் நிகழ்ச்சியின் பழைய பாட்டு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஃபஹ்மிதா வீட்டிலும் கேட்டது. ஹமீது பீவி பென்சிலைப் பிடித்தாள். அடுத்த நொடி, எதிர்வீட்டுச் சத்தம் இறங்கியது. ஃபஹ்மிதா வீட்டிலும் இறங்கியது. யாரோ சொல்லி வைத்தது மாதிரி ஒவ்வொரு வீடாக இறங்கி, அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. சொல் புரியவில்லை. இருபத்து நாலு நிமிடம் அவள் அசையாமல் இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. தாளில் ஒரு கீற்றும் விழவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் நிலோஃபர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். உம்மாவுக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவள். நிகழ்ச்சியைப் போனிலும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"'எங்க துபாய்க்காரர் வந்துட்டாரு'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு உம்மா."

"அடுத்தது?"

"'பழைய வேகம் இல்ல. வயசாயிருச்சு, விட்டிருக்கலாம்.' அதுக்குக் கீழ, 'அவர் மவுத்தாயிட்டாரு, தெரியாமப் பேசாதீங்க.' அதுக்கு அந்தாளு, 'மவுத்தானவரைக் காட்டியா பேரு வாங்குதானுவ'ன்னு..." நிலோஃபர் நிறுத்தினாள். "போதும்மா."

"படிளா."

"'சவூதியிலேருந்து பாக்கேன். ஒரு இடத்துலகூடச் சிரிப்பு வரல. ஆனா மூணு தடவை பாத்துட்டேன்.'" நிலோஃபர் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நிறுத்தச் சொல்லுவோம்மா. வாப்பாவ இப்படி ஆளாளுக்குப் பேச விட்டுட்டு இருக்கணுமா?"

செவ்வாய்க்கிழமை டைட்டஸ் வந்தான். தூத்துக்குடிக்காரன். வாசல் திரைக்கு வெளியே நின்றான். இத்தா முடியும்வரை அந்நிய ஆண் உள்ளே வரமுடியாது என்று அவனுக்குத் தெரியும். நிலோஃபர் போட்ட நாற்காலியிலும் உட்காரவில்லை.

"மதினி, நல்லா இருக்கியளா?"

"இருக்கேன், டைட்டஸ்."

"சேனல் முதலாளி உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு. பாதிப் பேரு ஓட்டுங்கான், பாதிப் பேரு இது பாவம், நிறுத்துங்கான். இன்னும் மூணு வாரம் கிடக்கு. மூச்சு வாங்குன இடத்தையெல்லாம் முடிஞ்ச மட்டும் வெட்டி எடுத்துட்டேன். வாற ஞாயித்துக்கெழமை ஓடுததுல ஒரே ஒரு இடம், வெட்டினா வசனமே போயிரும். அதைப் பாத்து என்ன சொல்லுவானுவளோன்னு எனக்கே பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருதேன்."

ஹமீது பீவி திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே அவன் செருப்பு தெரிந்தது. இந்த வீட்டில் மீன்குழம்புக்கு அவன் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறான்.

"தெருவுல யாரும் சிரிக்கல, டைட்டஸ்."

திரைக்குக் கீழே செருப்பு ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"மத்தவங்க என்னமும் எழுதட்டும். அவருக்கு இந்தத் தெருதான். இங்கனயே சிரிக்கலன்னா பிறகு என்னத்துக்கு? நிறுத்திரு."

"சரி, மதினி. அண்ணாச்சி சீவலப்பேரியில அன்னைக்கு என்ன பாடுபட்டு நடிச்சாரு தெரியுமா" என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் இறங்கிப் போய்விட்டான்.

அன்றைக்கு மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஃபஹ்மிதா வந்தாள். கையில் மூடிபோட்ட கிண்ணம். அதைத் தரையில் வைத்த வேகத்தில் மூடி உருண்டது.

"என்ன மாமி, நிறுத்தச் சொல்லிட்டீங்களாமே? நிலோஃபர் சொல்லுதா."

"ஆமா. ஊரே சும்மா உக்காந்திருந்துச்சே."

"சும்மாவா?" ஃபஹ்மிதா நெஞ்சில் கை வைத்தாள். "வாயில முந்தானையைத் திணிச்சுக்கிட்டுல்ல மாமி கிடந்தோம்! எங்க மாமியா சிரிப்ப அடக்க முடியாம புறவாசலுக்கே ஓடிட்டாங்க. இத்தா வீட்டுக்குப் பக்கத்துல நின்னு கெக்கபிக்கேன்னு சிரிச்சா மனுசங்களா நாங்க? டிவியைக் குறைச்சு வைங்கன்னு சனிக்கிழமையே வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வந்தது நான்தான்."

ஹமீது பீவி அவளையே பார்த்தாள். நாற்பது நாளில் இந்தத் தெரு அவளுக்குக் கஞ்சி கொடுத்தது, துணி துவைத்துக் கொடுத்தது. அந்த வரிசையில் இதையும் கொடுத்திருக்கிறது.

"எந்த இடத்துலளா சிரிச்சீங்க?" என்று தாள்கட்டை எடுத்தாள்.

ஃபஹ்மிதா கொஞ்சம் இறங்கி வந்தாள். "எல்லா இடத்துலயும்னு பொய் சொல்லமாட்டேன் மாமி. முதல்ல மாமா முகத்தைப் பாத்ததும் அழுகைதான் வந்துச்சு. பாதிக்கு மேல ஒரு ரெண்டு மூணு இடம். எதுன்னு இப்ப ஞாபகம் இல்ல. சிலது பழைய மாதிரி இல்லதான். குரலு கேக்கல, அதுவேற நாங்க குறைச்சு வச்சிருந்தோமா..."

"வாற ஞாயித்துக்கெழமை நல்லாக் கூட்டி வை. தெரு பூராவும் சொல்லிரு. சிரிப்பு வந்தா சிரிங்க. வரலன்னா சிரிக்காதீங்க. எனக்காகச் சிரிச்சிராதீங்க. மரியாதைச் சிரிப்பு அவருக்குத் தெரிஞ்சிரும்."

"மாமி..."

"போளா, மஃரிபுக்கு வாங்கு சொல்லப் போறாங்க."

நிலோஃபரின் போனில் டைட்டஸைப் பிடித்து, ஓட்டச் சொன்னாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இரவு முழுவதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது, தூங்கினாள். விழித்ததும் முதலில் வந்தது பயம். போன வாரத்து அமைதியைத் தெருவின் மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். வருகிற வாரமும் தெரு அமைதியாக இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட முடியாது.

நாற்பத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தாள்.

பதினொரு மணிக்குப் பாட்டு தெரு முழுக்க எழுந்தது. பிறகு அவர் குரல் வந்தது. சில வீட்டில் கேபிள், சில வீட்டில் போன். ஒன்றுக்கும் மற்றதற்கும் அரை நொடி வித்தியாசம். ஃபஹ்மிதா வீட்டில் சொன்ன சொல்லை எதிர்வீட்டில் சொல்லி, அதைத் தாண்டி அடுத்த வீட்டில் சொல்லி, அவர் குரல் கனி கடையை நோக்கி நடந்து போவது மாதிரி இருந்தது.

சீவலப்பேரி பஸ் நிறுத்தம். துபாய்க்காரர் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். பக்கத்தில் நாற்றுக்கட்டோடு ஒருவர். வசனம் ஒவ்வொன்றும் ஹமீது பீவியின் விரலுக்குக் கீழே ஓடியது. ஃபஹ்மிதா வீட்டுக் கத்தரி 'கிரிக், கிரிக்' என்று இலையை வெட்டிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு பிள்ளை மட்டும் சிரித்தது. மூக்கு உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது.

தெருவே சிரிக்கும் என்று அவர் பந்தயமே கட்டியிருந்த வரி வந்தது. "துபாய்ல ஆறே கிடையாது வே. ஆனா ஆத்துக்குப் பாலம் மட்டும் நாலு கட்டி வச்சிருக்கான்!" எதிர்வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கத்தரி நிற்கவில்லை. பென்சில் அந்த வரியின் ஓரத்தில் தயங்கியது. அவள் கீற்றுப் போடவில்லை. ஏமாற்றுவதற்கு இல்லை இந்தத் தாள்.

பஸ் வந்தது. நிற்காமல் போனது. நாற்றுக்கட்டுக்காரர் பஸ்காரனை வைது தீர்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பேசாம நிக்கியரு?" என்று கேட்டார்.

தாளில் அடுத்த வசனத்தை அவள் ஒரே வரியாக, இடைவெளி இல்லாமல் எழுதியிருந்தாள். தெருவில் அவர் குரல், "துபாய்ல..." என்றது.

நின்றுவிட்டது.

அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரியும். கடைசி மூன்று மாதம் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் அவர் அப்படித்தான் நின்றார். இடது கை நெஞ்சுக்குப் போகும், வலது கை தண்ணீர் கேட்டு நீளும். டைட்டஸ் வெட்ட முடியவில்லை என்று சொன்ன இடம் இதுதான். ஹமீது பீவி அறியாமலே பாதி எழுந்து, செம்பை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள்.

கத்தரி நின்றது.

ஃபஹ்மிதா வீட்டில் நின்றது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் அவர் மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். அது மூச்சு என்று அவர்களுக்குத் தெரியாது. போன பஸ்ஸின் புழுதியைப் பார்த்துக்கொண்டு துபாய்க்காரர் யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"...இதுக்குப் பேரே வேற வே."

தெரு சிரித்தது. ஃபஹ்மிதாவின் மாமியார் தரையில் அடித்து அடித்துச் சிரித்தாள். எதிர்வீட்டில் யாருக்கோ புரையேறியது. அரை நொடி தள்ளி அடுத்த வீடு, அதற்கும் தள்ளி அடுத்தது என்று சிரிப்பு கனி கடைப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அடுக்களை வாசலில் நிலோஃபர் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஹமீது பீவி திரும்பிப் பார்க்கவில்லை.

நீட்டிய கை வெறுமனே இருந்தது. அதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். 'துபாய்ல' என்ற சொல்லுக்குப் பிறகு, அவர் பேசி நின்றபடியே, மூன்று புள்ளி வைத்தாள். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் கீற்றுப் போட்டாள். பென்சில் முனை அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்தது.

அந்த நிறுத்தம் என்ன என்பதைத் தெருவுக்கு அவள் சொல்லப்போவதில்லை. கேட்டுவிட்டு வந்து சொல்லச் சொன்னது ஒரே ஒருவர்.

அதற்குள் அடுத்த வசனம் வந்துவிட்டது. கத்தரி திரும்பவும் ஓட ஆரம்பித்திருந்தது. ஹமீது பீவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சிலைக் கீழ்வரிக்கு நகர்த்தினாள்.