வேம்புக்குக் கிடைத்த இடம்

கூடத்தில் என் அகத்துக்காரர் பிள்ளையை எதிரே நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உன் பேர் என்னடா?”

“கல்யாண…”

தொடையில் ஒரு கிள்ளு. நான் அடுப்பங்கரையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கிள்ளுவது காதில் விழாது. பிள்ளை மூச்சை இழுத்துக்கொண்டது விழுந்தது.

“மறுபடியும் சொல்லு. பேர் என்ன?”

“வேம்பு.”

“வேம்பு, சார்னு சொல்லணும். வயசு?”

“பத்து, சார்.”

“அது ஒண்ணுதான் நெஜம். அதையாவது தைரியமாச் சொல்லேன்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றேன்.

வேம்பு என் மூத்த பிள்ளை. சித்திரைக் கடைசியில் விஷ ஜுரம் கண்டு போய்விட்டான். கூடத்தில் நின்றவன் இளையவன், கல்யாணராமன். வேம்புக்கு முன்னால் பிறந்த ஒரு பெண் தொட்டிலிலேயே போனதால், அடுத்ததற்குக் கசப்பாகப் பேர் வை, எமன் வாயில் வைத்ததும் துப்பிவிடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். வைத்தேன். எமனுக்கு அது கசக்கவில்லை போலிருக்கிறது. இனிமேல் அந்தப் பேருக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். அதையே எடுத்து இளையவன் தலையில் கட்டுவார்கள் என்று நான் கண்டேனா?

பள்ளிக்கூடத்தில் வேம்புக்கு இடம் வாங்கிய கதையே ஒரு அசிங்கம். தை பிறந்ததிலிருந்து எங்கள் அகத்தில் வேறு பேச்சு கிடையாது. கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர், சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கினால் நேரே வீட்டுக்கு வராமல் தினம் ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். சாந்தோம் பக்கத்துப் பாதிரிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நன்றாக வரும், ஆனால் பிள்ளை ஜபம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவான். மாம்பலத்தில் புதிதாக ஆரம்பித்திருப்பதில் ஒரு வாத்தியார் உப்புக் காய்ச்சிச் சிறைக்குப் போனவர். அங்கே படித்தவனுக்கு சர்க்கார் உத்தியோகம் எவன் கொடுப்பான்? அடையாற்றுப் பக்கம் வெள்ளைக்காரிகள் நடத்துவதில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களாம். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளினார். எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எந்த ஹெட்மாஸ்டர் யாருக்குச் சம்பந்தி, அங்கே படித்தவர்கள் இப்போது எந்த ஆபீசில் இருக்கிறார்கள், இதுதான் விசாரணை. பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன்கூட இத்தனை கேவலமாகப் பார்க்கமாட்டான்.

கடைசியில் கோயில் குளத்துக்கு அந்தண்டைப் பக்கம் இருக்கும் ஹைஸ்கூல் என்று முடிவாயிற்று. அதில் பாதிச் சம்பளம் கட்டினால் போதும் என்கிற சலுகை, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உண்டு. ஆழ்வார்பேட்டை வக்கீல் கஸ்தூரிரங்கய்யங்கார் அங்கே கமிட்டியில் இருந்தார். அவர் வீட்டுக்கு மாவடு ஜாடி போயிற்று, நானே வறுத்து அரைத்த காப்பிப் பொடி போயிற்று. அவர் அகத்து நலங்குக்குப் பாட என்னையே போகச் சொன்னார் இவர். போனேன். அந்த மனுஷர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “பையன் பரீட்சை எழுதட்டும், மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார். ஒரு சிபாரிசும் இல்லாமலே வேம்பு கணக்கில் முதலாவதாக வந்தான். அந்தச் சந்தோஷத்தைக்கூட இவர்கள் எனக்கு வைக்கவில்லை. எல்லாம் வக்கீல் தயவு என்று பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளை போய்விட்டான். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய மறுநாள், இவர் ஆழ்வார்பேட்டைக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“கோமளம், அந்த இடம் வீணாப் போப்படாதுங்கறார் வக்கீல்.”

“எந்த இடம்?”

“ஸ்கூல்ல. வேம்பு பேருக்குக் கொடுத்தது. நம்ம கல்யாணத்தைக் கொண்டுபோய் உட்கார வெச்சா யாருக்குத் தெரியும்கறார்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணாவுக்குப் பதிலாகத் தம்பியைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டிருக்கிறார்களே என்று ஒரு கணம் கண் கலங்கியது. அவர் மேலும் சொன்ன பிறகுதான் புரிந்தது. வேம்புவைச் சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே, எல்லாரும் செய்கிற மாதிரி, வயதில் இரண்டு வருஷத்தைக் குறைத்து எழுதியிருந்தார். பின்னால் சர்க்கார் உத்தியோகத்தில் இரண்டு வருஷம் கூட இருக்கலாமே என்கிற கணக்கு. மயிலாப்பூரில் எந்தப் பிள்ளைக்குத்தான் உண்மையான வயது எழுதியிருக்கிறது? அப்படிக் குறைத்ததில் காகிதத்து வேம்புவும் என் கல்யாணராமனும் ஒரே வயதாகிவிட்டார்கள்.

“பகவானே பார்த்து அமைச்ச மாதிரி இருக்கு பாரு” என்றார்.

“நாக்கு அழுகிப்போகும், வாயை மூடுங்கோ.”

“கோவப்படாதே. இவனுக்குக் கணக்கு வராது. அந்தப் பரீட்சையை இவனால ஜன்மத்துலயும் பாஸ் பண்ண முடியாது. பாதிச் சம்பளமும் மறுபடி கிடைக்காது. யோசிச்சுப் பாரு.”

“அவனுக்கு ஒரு பேர் இருக்கு. நான் பெத்து, உங்க அம்மா அவன் காதுல ஓதி வெச்ச பேர்.”

“அது ஆத்துல இருந்துட்டுப் போறது. வெளியில வேம்பு.”

“எத்தனை நாளைக்கு?”

எத்தனை நாளைக்கு என்று எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுதின பேர்தான் காலேஜில், அதுதான் ஆபீசில், அதுதான் கல்யாணப் பத்திரிகையில். கடைசியில் பென்ஷன் வாங்கும்போதுகூட என் செத்துப்போன பிள்ளையின் பேரில்தான் கையெழுத்துப் போடுவான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிந்தது என் வயிறு, பிடுங்குகிறவர் என் புருஷன்.

சற்றுக் கழித்துக் குரலை இறக்கிக்கொண்டு, “வேம்புன்னு கூப்பிடறதுக்கு ஆத்துல ஒருத்தன் இருப்பான்னு நெனச்சுக்கோயேன்” என்றார். அவர் உதடு நடுங்கியது. அழுகிறாரோ என்று நான் எழுந்தேன். அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உத்தியோகத்துல அந்த ரெண்டு வருஷம்தான் இவனுக்கு லாபம் இல்லாமப் போச்சு” என்று வருத்தப்பட்டார். சீ, இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேனே என்று இருந்தது.

தையற்காரர் கரீமுல்லா சாயபு வேம்புக்கென்று தைத்த கோட்டு, துவைக்காத புதுத்துணி வாசனையோடு பீரோவில் இருந்தது. அதையும் விடவில்லை. சாயபுவைக் கூப்பிட்டு அனுப்பி, கையைக் குட்டையாக்கச் சொன்னார். சாயபு கல்யாணராமனுக்கு அதைப் போட்டுப் பார்த்து, “வெட்ட வேணாம் சாமி, மடிச்சு அடிச்சுக் குடுத்துடறேன். புள்ள வளந்தா பிரிச்சுக்கினா ஆச்சு” என்றார். அவருக்கென்ன, அவர் வேலை அது. பிள்ளை கைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். குண்டூசி குத்திவிடுமோ என்று பயந்து நிற்கிறான் என்றே நினைத்தேன். சாயபு போனபிறகு என்னிடம் வந்து, “அம்மா, அண்ணா கோவிச்சுக்கமாட்டானா?” என்றான். நான் என்னத்தைச் சொல்ல? அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதே அவனைத் தூக்கிக்கொண்டு என் பிறந்தகத்துக்குப் போயிருக்கலாம். அங்கேயும் அப்பாவும் அண்ணாவும் வக்கீல் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சேர்க்கிற அன்று பிள்ளை நான் வராவிட்டால் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டான். “பொம்மனாட்டி ஹைஸ்கூலுக்கு வருவாளோ?” என்று இவர் குதித்தார். கிள்ளிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ராகுகாலம் வந்துவிடும் என்றதும் என்னையும் கிளம்பச் சொன்னார். மாட வீதி வழியாக நடந்தோம். தெரிந்தவர்கள் எதிரே வந்தபோதெல்லாம் இவர் குடையைச் சாய்த்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கு முழுக்கத் தெரிந்த விஷயம் அது. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அவரவர் பிள்ளைக்கும் வக்கீல் வேண்டுமே.

ஹெட்மாஸ்டர் அறையில் இவரை உட்காரச் சொன்னார்கள். நான் கதவோரமாக நின்றேன். கல்யாணராமன் ஒரு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பிள்ளையைக் கிட்டே கூப்பிடாமல், நின்ற இடத்திலேயே நிற்க விட்டுவிட்டார்.

“பேர் என்ன?”

“வேம்பு, சார்.”

தடங்கல் இல்லாமல் சொன்னான். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஓ, கணக்கில் முதலா வந்தவன் நீதானா?” என்று அவர் சந்தோஷப்பட்டார். பரீட்சை அன்று வேம்புவை அருகில் நிறுத்திவைத்துத் தட்டிக்கொடுத்தவர் இதே மனுஷர்தான். வேம்பு வீட்டுக்கு வந்து அதைப் பத்துத் தடவை சொன்னான். அவனுடைய முகத்தைக் கொஞ்சமாவது ஞாபகம் வைத்திருக்கப்படாதா? என் பிள்ளை கறுப்பு, இவன் சிவப்பு. அவன் வாயாடி. அது எல்லாம் எங்கே போயிற்று? எனக்கு அவரையும் வெறுத்துப்போயிற்று.

பேனாவை மூடி வைத்துக்கொண்டே அவர் கேட்டார். “உனக்குத் தம்பி இருக்கானோ? இருந்தா அவனையும் இங்கேயே சேர்த்துடலாம். அண்ணா படிச்சா தம்பிக்குப் பரீட்சைகூட வைக்கறதில்லை, அது இங்கே வழக்கம்.”

இதை இவர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தலையைத் திருப்பிப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை யோசித்தான். அவன் யோசிப்பது என் தலைப்பு வழியாக எனக்குத் தெரிந்தது.

“ஒரு தம்பி இருந்தான், சார். செத்துப்போயிட்டான்.”

சரியாகச் சொன்னேனா என்று அப்பாவைப் பார்த்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெல்லத் தலையாட்டினார்.

“ஆமாம் சார். இப்பத்தான், சித்திரையில.”

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து நின்றார். இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, பெற்றவளிடம் கேட்கிறோமே என்கிற கூச்சத்தோடு மெதுவாகக் கேட்டார்.

“அந்தக் குழந்தை பேர் என்னம்மா?”

இவர் என்னைப் பார்த்தார். பிள்ளையும் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் இறுகிக்கொண்டே வந்தன.