அம்மா ஆதாரம் ஆகமாட்டாள்

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எண்பதுகளில் எங்கள் ருமேனியாவில் குடும்பங்கள் எவ்வளவு இறைச்சி சாப்பிட்டன என்று அரசாங்கப் புள்ளிவிவர ஆண்டுநூல்களைப் பார்த்து நான் வரைந்த கோடு, வருடத்துக்கு வருடம் அழகாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கறி தின்னோமாடி? எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?" முட்டைக்கோஸ் இலையில் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "எங்க வரிசையப் பாத்தாலும் முதல்ல போய் நின்னுக்குவோம். என்ன விக்கிறாங்கன்னு அப்புறம்தான் கேப்போம். பாதி நாள் நம்ம முறை வர்றதுக்குள்ள கடைய மூடிடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. அச்சில் இருந்தால் உண்மைதான் என்று நம்பி மாதக்கணக்கில் உழைத்திருந்தேன். மறுநாள் பேராசிரியர் ட்ரகோமிரிடம் போய் ஆண்டுநூல் பொய் சொல்கிறது என்றேன்.

"யார் சொன்னா?"

"எங்கம்மா, சார்."

"உங்கம்மா ஆதாரம் ஆகமாட்டாங்கம்மா. அடுத்த வெள்ளிக்குள்ள வேற ஆதாரம் கொண்டா. இல்லன்னா அந்த அத்தியாயத்தத் தூக்கிடு."

அதைத் தூக்கினால் ஆய்வேடே இல்லை, பட்டமும் இல்லை. அவருக்கும் அந்த வரிசைகளில் நின்ற வயசுதான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

கல்லூரி நூலகத்தில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், அடிக்குறிப்பு அதே ஆண்டுநூலில் போய் முட்டியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள், நான் உட்பட. வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. ஊர்க் கடையில் இல்லாத இறைச்சி வெளிநாட்டுக்குப் போயிருந்தால்? விற்றவன் கணக்கை மறைக்கலாம், வாங்கியவன் ஏன் மறைக்கப்போகிறான்? வாங்கிய நாடுகளின் இறக்குமதிப் பதிவுகளைக் கேட்டு நூலகர் லெயோண்டினாவிடம் நின்றேன்.

"நம்மகிட்ட இல்ல. வியன்னாவுல, புடாபெஸ்ட்ல கேட்டு வாங்கணும். வெள்ளிக்குள்ளயா? உனக்கென்ன, வாய்க்கு வந்தத கேட்டுடுவ!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே இரண்டு நூலகங்களுக்கும் எழுதிப் போட்டாள்.

வியாழக்கிழமை பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு வந்தன. நம் நாட்டு உற்பத்தியிலிருந்து அந்த நாடுகள் வாங்கியதைக் கழிக்கக் கழிக்க, என் கோடு நிலவறைக்குப் போகும் படிக்கட்டு மாதிரி இறங்கியது.

வெள்ளியன்று ட்ரகோமிர் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஆதாரம்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். "நீ சொன்னதுதாம்மா சரி! கறியெல்லாம் ரயிலேறிப் போயிருக்கு!" என்று அந்தத் தாளை அவள் முன்னால் விரித்தேன். துள்ளுவாள் என்று நினைத்தேன்.

அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"அப்பவும் அப்படித்தான் பேசிக்குவாங்க. நான் நம்பல" என்றாள். "நாட்டுலயே இல்லாததுக்காக நின்னோம்னு இருந்தா தாங்கிக்கலாம்டி. இருந்துச்சா?"

எனக்கு அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.