விடுப்பில் வாங்கிய மூன்று பதக்கங்கள்

பட்டாளத்தாருக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள வயதைவிடப் பத்தொன்பது நாள் கூடுதல். இருபத்தாறாவது வயதில், ஒரு மழைக்காலத்தில், பத்தொன்பது நாள் அவர் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தார். ஓரிடம் ஆற்றங்கரைப் போர்முனை. இன்னோர் இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவதாக இருக்கும் அவருடைய சொந்த வீடு. நடந்தது இவ்வளவுதான்: கல்யாணமான மூன்றாம் மாதமே முகாமுக்குப் போனவருக்குப் பதினான்கு மாதம் கழித்து லீவு கிடைத்தது. லீவுப் புத்தகத்தில் பதிந்து, பெட்டியை லாரியில் ஏற்றி, ஒரு காலைப் படியில் வைத்த நேரத்தில், எல்லா லீவும் ரத்து என்று ஒருவர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வருகிறேன் என்று மனைவிக்குக் கடிதம் போட்டாயிற்று. கூட இருக்கிறவர்களை விட்டுப் போகவும் மனசு வரவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். டிரைவர் யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை, கியரைப் போட்டுவிட்டார். லாரியில் போன பட்டாளத்தார் கையை ஆட்டினார், தரையில் நின்ற பட்டாளத்தாரும் ஆட்டினார். ஆள் லாரியில் போவதைக் கண்ணால் பார்த்த லீவு எழுத்தர் புத்தகத்தில் எதையும் அடிக்கவில்லை. ஆள் வரிசையில் நிற்பதைக் கண்ணால் பார்த்த மேலதிகாரி ஆஜர் போட்டார். இரண்டு பேர் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தவர் ஒழுகிய குழாயைச் சரிசெய்தார், ஆடுகிற அலமாரிக்கு அட்டை வைத்தார், மனைவி ஆசைப்பட்ட கருநீலத்தில் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். மழைக்காலத்தில் யாராவது பெயின்ட் அடிப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். மனைவி கேட்டாள், அவர் அடித்தார். ஈரக் காற்றில் அது காய்வேனா என்றது, ஒரு வாரம் அவர் கை கழுவக் கழுவ நீலமாகவே இருந்தது. அதே வாரம் அங்கே ஆறு பெருகி, ஏழு பேர் காயத்தோடு அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். பட்டாளத்தார் கழுத்தளவுத் தண்ணீரில் ஏழு முறை போய்வந்தார். ஒவ்வொருவரையும் மூட்டை மாதிரித் தோளில் போட்டு, நழுவாமல் இருக்க முதுகில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழு முதுகிலும் ஒவ்வொரு நீலக் கை விழுந்தது. ஏழாவது ஆளைக் கரைசேர்க்கும்போது இடது தோளில் குண்டு பாய்ந்தது. வீட்டில் தூரிகையும் கையுமாக நின்றவரின் சட்டை அந்த நிமிஷம் ரத்தத்தில் நனைந்தது. சட்டையில் கிழிசல் இல்லை, தோளில் மட்டும் துளை. மனைவி அலறி அடித்துக்கொண்டு ரோஜாப்பூப் போட்ட தலையணை உறையைக் கிழித்துக் கட்டினாள். போர்முனை மருத்துவர் குண்டை எடுக்க வந்தபோது காயத்தில் சுத்தமாகக் கட்டுப் போட்டிருந்தது. யார் கட்டியது என்று கேட்டார். "வீட்ல" என்றார் பட்டாளத்தார். மருத்துவருக்குத் தலைக்குமேல் வேலை இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

இருபதாம் நாள் காலை லாரி திரும்பிவந்தது. படியிலிருந்து இறங்கிய காலும் தரையில் நின்ற காலும் ஒரே செருப்புக்குள் நுழைந்தன. இரண்டு இடத்தில் சாப்பிட்டவர் ஆகையால் ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார், அவ்வளவுதான். மேலதிகாரி மூன்று பதக்கங்களுக்கு எழுதினார்: ஆற்றைக் கடந்ததற்கு ஒன்று, குண்டடிக்கு ஒன்று, அந்தப் போரில் இருந்ததற்கு ஒன்று. உத்தரவும் வந்தது. ஆனால் பதிவேட்டு அலுவலகத்தில் ஒருவர் லீவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் இருந்தவனுக்கு எதற்குப் பதக்கம் என்று மூன்றையும் ஏற்றாமல் விட்டுவிட்டார். ஒன்பதாம் மாதம் மகள் பிறந்தாள். பட்டாளத்தார் ஒரு முறை மனுப் போட்டார். ஒரு பதில் வந்தது. அதைப் படித்தவர் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மகள் வளர்ந்து நில அளவை சர்வேயர் ஆனாள். தெருவே அவளை சர்வேயரம்மா என்றுதான் கூப்பிட்டது. எல்லைக் கல் என்றால் ஓரிடத்தில்தான் கிடக்கும், இரண்டு இடத்தில் கிடந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்பது அவள் கொள்கை. இதற்காக இரண்டு மிராசுதார்களிடம் திட்டும் ஒரு நாயிடம் கடியும் வாங்கியவள். நாற்பத்துமூன்றாவது வயதில், அப்பாவின் ஓய்வூதியச் சீட்டைத் தேடிப் பெட்டியைக் குடைந்தபோது, பதக்க உத்தரவின் நகல் கையில் சிக்கியது. அப்பாவின் பணிப் பதிவேட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதக்கங்கள் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் முதல் பஸ்ஸிலேயே பதிவேட்டு அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

அங்கே இருந்த எழுத்தருக்கு "இணைப்பு" என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கொடுத்தாலும் "இணைப்பு எங்க?" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தவரிடமே கேட்டவர் என்று சொல்வார்கள். அவர் உத்தரவை வாங்கிப் பார்த்தார், உள்ளே போனார், லீவுப் புத்தகத்தோடு வந்தார்.

"உங்கப்பா அந்தப் பத்தொன்பது நாளும் லீவுல இருந்திருக்காரும்மா."

"அது தப்பா எழுதியிருக்காங்க சார். அடிச்சுடுங்க."

"நானா அடிக்க முடியுமா? அவர் வீட்டுக்கு வரலைன்னு உங்கம்மா ஒரு உறுதிமொழி எழுதித் தரட்டும். அதை இணைச்சா லீவை நீக்கிடலாம். லீவு போச்சுன்னா மூணு மெடலும் தானா ஏறிடும்."

இவ்வளவு சுலபமா என்று சர்வேயரம்மா துள்ளிக்குதித்து வந்தாள். படிவத்தில் எல்லாவற்றையும் தானே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து, அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போட மாட்டேன். அவர் வந்தாரு."

"அப்போ மெடல் பொய்யா?"

"அதுவும் நிஜந்தான். அங்கயும் இருந்தாரு, இங்கயும் இருந்தாரு. நான் ரெண்டு தோளுக்கும் சேத்துத்தான் கட்டுப் போட்டேன்."

"அம்மா, விளையாடாத. ஒரு ஆள் எப்படிம்மா..."

"உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே. உன் பிறந்த நாள்ல இருந்து பின்னால எண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

சர்வேயரம்மா விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது மாதம் பின்னால் போய், அந்தப் பத்தொன்பது நாளின் நட்டநடுவில் வந்து நின்றாள். அதற்கு முன்னால் பதினான்கு மாதமும் பின்னால் பதினொரு மாதமும் அப்பா முகாமை விட்டு அசையவில்லை என்று அவள் கையில் இருந்த பதிவேடே சொல்லியது. மறுபடியும் பெட்டியின் அடியைக் குடைந்தாள். அப்பாவின் மனுவுக்கு வந்த பதில் அங்கே இருந்தது. அதனோடு இதே படிவம், பழைய அச்சில், ஒரு எழுத்தும் எழுதாமல் மஞ்சளாகிக் கிடந்தது. அந்த லீவை அடித்தால் நாளைக்கு எவனாவது தன் மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பான் என்று இருபத்தேழு வயது மனுஷன் ஒருவர் மூன்று பதக்கத்தையும் வேண்டாம் என்று வைத்திருக்கிறார். நாற்பத்துமூன்று வருஷம் வாயே திறக்கவில்லை. சர்வேயரம்மா பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். பட்டாளத்தார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மகள் கையில் இருப்பது என்ன என்று பார்த்தார்.

"அதை உள்ள வைம்மா. எனக்கு அது இல்லாமலே நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு நல்லா இல்லப்பா" என்றாள் மகள். "ரெண்டும் ஏறணும். லீவும் இருக்கணும், மெடலும் இருக்கணும்."

அன்றைக்கு அவள் தன் கொள்கையைக் கைகழுவினாள். உத்தரவின் நகலில் ஏழு பேரின் படை எண் இருந்தது. ஏழு பேருக்கும் கடிதம் போட்டாள். ஆறு கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஏழாவது ஆள் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரராக இருந்தார். "இருக்கிறேன். முதுகும் இருக்கிறது" என்று அஞ்சலட்டையில் பதில் எழுதினார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவர் மனைவி சோப்பும் புளியும் போட்டுத் தேய்த்துப் பார்த்துக் கைவிட்ட நீலக் கை அது. அடுத்த வாரம் அவரை அழைத்துக்கொண்டு சர்வேயரம்மா அலுவலகத்துக்குப் போனாள். சமையல்காரர் மேசைக்கு முன்னால் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். இணைப்பு பூதக்கண்ணாடியை எடுத்தார். படையில் சேர்ந்த அன்று பட்டாளத்தார் வைத்த ரேகைகளைப் பக்கத்தில் பிடித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக, கூச்சத்தில் நெளிந்த சமையல்காரரை அதட்டி அதட்டி, ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்தும் சரியாக இருந்தன. பிறகு வழக்கம்போல, இதைக் கோப்பில் எப்படி இணைப்பது என்று கேட்டார். அசல் தேவை என்றார். சமையல்காரருக்கு மதியம் இருநூறு பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது. கடைசியில் "இணைப்பு ஒன்று: முதுகு, நேரில் பார்த்து ஒப்பிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"அவர் ஆத்துல இருந்தாருங்கறது சரிம்மா. அப்போ வீட்ல இல்லைன்னு ஆயிடுச்சே" என்றார்.

சர்வேயரம்மா மறுநாள் வாசல் கதவைக் கீலோடு கழற்றி, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நீலத்தை முதுகோடு வைத்துப் பார்க்க சமையல்காரர் இன்னொரு முறை லீவு போட வேண்டியதாயிற்று. பத்தொன்பது நாளும் பட்டாளத்தாரைத் தெருவில் பார்த்ததாகக் குழாய் ரிப்பேர்க்காரரும் அடுத்த வீட்டு டீச்சரும் எழுதிக் கொடுத்தார்கள். இணைப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கதவை மட்டும் தன் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். நாலு மாதம் பட்டாளத்தார் வீட்டு வாசலில் போர்வைதான் தொங்கியது. வருகிறவர்கள் எதைத் தட்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"ஒரு ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு உங்க விதியில எங்கயாவது இருக்கா சார்?" என்று அவள் கேட்ட கேள்விதான் இணைப்பைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அலமாரியில் இருந்த பதினோரு விதிப் புத்தகங்களையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். ஒரே நேரத்தில் இரண்டு மனைவி கூடாது என்று இருந்தது. இரண்டு வீடு, இரண்டு வேலை, இரண்டு துப்பாக்கி கூடாது என்று இருந்தது. இரண்டு இடம் கூடாது என்று எங்கேயும் இல்லை. மனுஷன் சந்தோஷத்தில் பேனாவுக்குப் புது மை ஊற்றினார். லீவு வரியை அப்படியே விட்டு, அதற்குக் கீழே மூன்று பதக்கங்களையும் ஏற்றி, குறிப்பு என்ற கட்டத்தில் "இரண்டும் சரி" என்று எழுதினார். பத்தொன்பது நாள் கூடுதல் வயதைப் பற்றி மட்டும், அது வேறு பிரிவு பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டார்.

பதக்கம் அணிவிக்கும் நாளுக்கு அழைப்பு வந்தது. இந்த அலுவலகங்களின் லட்சணம் தெரிந்ததுதானே, அதே நாளில்தான் கதவையும் திருப்பி அனுப்பினார்கள். நாலு மாதம் ஜன்னலோர வெயிலில் நின்று பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. இதைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது என்று பட்டாளத்தார் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தார். கண்டக்டர் விசில் அடித்தார். மைதானத்துக்கு வந்தவரைப் பார்த்ததும் மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது, விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது. மூன்று பதக்கத்தையும் குத்திவிட்டுக் கைகுலுக்கிய அதிகாரி தன் உள்ளங்கையை இரண்டு முறை கால்சட்டையில் துடைத்துப் பார்த்தார். அது போகிற நீலம் இல்லை என்று சமையல்காரர் வரிசையிலிருந்தே அவருக்குச் சொன்னார்.

பிறகு ஒலிபெருக்கியில் பதிவேட்டை வாசித்தார்கள். காய்கறி விலை வாசிக்கிற குரல். ஆறு, ஏழு பேர், குண்டடி, எல்லாம் வந்தது. பட்டாளத்தார் அசையாமல் நின்றார். "மேற்படி பத்தொன்பது நாட்களும் முறைப்படி அனுமதிக்கப்பட்ட விடுப்பில், சொந்த வீட்டில், மனைவியுடன் இருந்தார்" என்று அந்தக் குரல் நிறுத்தாமல் வாசித்தது. யாரோ ஒருவர் இருமினார், வேறொன்றும் நடக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது தலையைத் திருப்பக் கூடாது என்பது விதி. பட்டாளத்தார் திருப்பினார். மூன்றாவது வரிசையில் மகளைத் தேடினார். அவள் யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள்.

கையிலிருந்த போன் அடித்தது. அம்மா.

"இங்க கதவுக்கு ரெண்டாவது கோட்டிங் அடிச்சுட்டிருந்தாரு. திடீர்னு தூரிகையைக் கீழ வச்சுட்டுக் குழந்தை மாதிரி அழறாரு. அங்க என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. லீவை வாசிச்சாங்க."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, மெடல் போட்டவரை அங்க இங்க நிக்கவிடாம நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நான் ஒரு ஆளுக்குத்தான் சமைச்சிருக்கேன்."