புள்ளி வைத்த கீல்கள்

"வாங்குறவங்களுக்கு மாதிரிக்கு அவன் கீல்தான் போயிருக்கு. இந்தத் தெருவுல வேற கீலே இல்லையாக்கும்!" என்று பொருமினார் மூத்த மாப்பிள்ளை.

"இருக்கே, உங்களோடது. கதவைத் தொட்டாலே ஊரைக் கூட்டும்," என்று சிரித்தாள் அவர் மனைவி. "என் தங்கச்சி புருஷன் முன்னுக்கு வந்தா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

எரியத்தான் செய்தது. ஆளுக்கொரு பட்டறையில் அலமாரிக் கீல் அடித்து, ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த தெரு அது. எல்லோரையும் ஒரு குழுமமாகச் சேர்த்து, பொதுவில் ஒரு முலாம் கூடம் கட்டி, பெரிய ஆர்டரும் பிடித்து வந்தவன் இளைய மாப்பிள்ளை. தெருவே மூச்சுவிட்டது. மூத்தவருக்கு மட்டும் மூச்சு முட்டியது.

முலாம் கூடத்தில் எல்லாப் பட்டறைக் கீல்களும் ஒரே கம்பியில் தொங்கின. மின்னிக்கொண்டு வெளியே வந்தால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பெயர் மொத்தமும் அவனுக்குத்தானே போகும்? முலாமுக்கு அனுப்பும் முன், யாருக்கும் தெரியாமல் மூத்தவர் தன் கீல் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஆணி வைத்துத் தட்டி ஒரு சின்னப் புள்ளி போட்டார். வாங்குகிறவர்கள் ஒருநாள் கேட்பார்கள்: 'யார் இந்தப் புள்ளிக்காரர்?' நினைக்கவே இனித்தது.

கேட்டும்விட்டார்கள். புள்ளிக் குழியில் முலாம் தொட்டியின் அமிலம் தங்கி, முலாம் தோல்தோலாக உரிந்திருந்தது. புள்ளிக்காரர் யாரென்று தெரியாமல் அந்தத் தெருவின் ஒரு பெட்டியைக்கூட எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள்.

சாயங்காலம் இளையவன் வந்தான். உரிந்த கீல் ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"யார் வேலைன்னு எனக்குத் தெரியும், அண்ணே."

மூத்தவர் சண்டைக்குத் தயாரானார். திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் வேண்டிய மட்டும் வைத்திருந்தார்.

"என் பட்டறையில நடந்த தப்புன்னு சொல்லிடறேன். மாதிரி என்னோடதுங்கறதால ஒருதடவை பொறுத்துப்பாங்க. உங்க பேர் வந்தா உங்களைக் குழுமத்தை விட்டே எடுக்கச் சொல்லுவாங்க."

பழியைக்கூட இவனே தூக்கிக்கொண்டு போகிறானே! நல்லவன் என்ற பெயரும் அந்த வீட்டுக்குத்தானா? தனக்கென்று இருந்தது ஒரே ஒரு புள்ளி. அதையும் கேட்டு வந்து நிற்கிறான்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நாளைக்கு வாங்குறவங்க வர்ற கூட்டத்துல நான் அப்படிச் சொல்றப்ப, நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும். இருப்பீங்களா, அண்ணே?"