ஏரிக்கு நடுவே பஸ் ஸ்டாப்

"கை வைக்காதேண்ணா! அந்தக் கம்பத்துல கை வைக்காதே!"

இளவரசி படகிலிருந்து குதித்தாள். முழங்காலளவுத் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருக நேரமில்லை. சேற்றில் கால் புதையப் புதைய ஓடினாள்.

பக்கத்து வீட்டுச் சிவசங்கர் அதற்குள் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியிருந்தான். உச்சியிலிருந்த மஞ்சள் பலகை தடதடத்தது. ‘பேருந்து நிறுத்தம்.’

பழவேற்காடு ஏரியில், பசியாவரம் தீவுக்கும் கரைக்கும் இடையில், ஒரு பஸ் ஸ்டாப். கம்பம், பலகை, மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. வைத்தவள் நந்தினி என்ற சென்னைப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்தவள். பஸ்ஸே வராத இடத்தில் ஸ்டாப் வைத்தால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள் என்று பார்க்க ஆசையாம். ஒரே ஒரு வாரம்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் கிட்டே போகவில்லை. ஏரியில் கம்பம் நின்றால் அங்கே யாருக்கோ பாடு, அதாவது வலைபோடும் முறை, வந்துவிட்டது என்று அர்த்தம். அமாவாசை கழியும்வரை அங்கே யாருக்கும் பாடு கிடையாது. ஆனாலும் கம்பம் நிற்கிறதே! "யாரு பாடுடா அது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, படகுகளை மரியாதையாக ஒதுக்கிப் போனார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஒரே கும்மாளம். பெஞ்சில் உட்கார்ந்து கால் நனைத்தார்கள். போகிற படகைக் கைகாட்டி நிறுத்தி, "திருவொற்றியூர் ஒண்ணு குடுப்பா" என்றார்கள். நந்தினி வெறுமையாகத் தொங்கவிட்டிருந்த நேர அட்டவணையில் இஷ்டத்துக்கு எழுதினார்கள். ‘சிங்கப்பூர், வழி காட்டுப்பள்ளி. காத்து இருந்தால் மட்டும்.’ ‘மாமியார் வீடு. சர்வீஸ் ரத்து.’

கடைசி வரி இளவரசியுடையது.

‘ஜமுனா. ஞாயிறு காலை 10. வா.’

ஜமுனா அவள் தங்கை. வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம். எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே தெரியாது. அட்டவணையின் படம் போன் போனாகச் சுற்றியது. எங்காவது அவள் கண்ணில் பட்டுவிடாதா?

இன்று ஞாயிறு. மணி எட்டேகால். அமாவாசை கழிந்துவிட்டது; சிவசங்கரின் பாடும் இன்றுதான்.

"ஆறு மாசம் கழிச்சு வந்துருக்கு இந்தப் பாடு. நீர் வடியுது பாரு. இது நட்டநடுவுல நின்னா வலைய எங்கம்மே சுத்துறது?"

"பத்து மணி வரைக்கும்ணா. அப்புறம் நானே புடுங்கித் தரேன்."

"அதுவரைக்கும் எறா எனக்காக கியூல நிக்குமா?"

இளவரசி கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களையே பார்த்தவன், தோளில் கிடந்த வலையைப் படகில் விட்டெறிந்தான்.

படகில் அந்தப் பக்கமாகப் போன பொன்னுரங்கம் சும்மா போவாரா?

"இன்னா சிவசங்கரு, வலை போடலியா? பஸ்ஸுக்கு நிக்கிறியா?"

"என் பாடு. நான் எறா புடிப்பேன், பஸ் புடிப்பேன். உனக்கு இன்னா? போய்யா!"

ஒன்பது. இளவரசி தலைமுடியை ஒதுக்கிப் பூவைச் சரிசெய்தாள். ஒன்பதரை. கரைப்பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றாள்.

சரியாகப் பத்துக்கு ஒரு படகு நேராக வந்தது. முனையில் நீலச் சேலை. இளவரசி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடினாள். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். வேறு யாரோ. ஏரியைப் பார்க்க வந்தவள்.

"அடுத்த பஸ் எப்பங்க?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

பத்தே முக்கால். நீர் வடிந்து முடிந்துவிட்டது. பெஞ்சின் இன்னொரு முனையில் உட்கார்ந்து சிவசங்கர் பீடி பற்றவைத்தான்.

"ஓடிப்போனது அவ. ஒரு போன் கூடப் போடாதது அவ. நீ இன்னாம்மே தப்பு பண்ண, இப்பிடித் தண்ணியில நின்னு துடிக்கிற?"

அவள் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ ரெண்டு தபா போனாண்ணா. மொத தபா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டா. பத்து மணி பஸ்ஸு லேட்டு. நைனா போயி முடியப் புடிச்சு இழுத்துனு வந்தாரு."

"தெரியுமே. எந்தப் பாவி போட்டுக் குடுத்தான்னுதான் இன்னிவரைக்கும் தெரில."

"அவ போறது எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தாண்ணா நைனாகிட்ட சொன்னேன்."