சாக்கில் போன சுக்கி

தலைக்கு மேலே பரணிலிருந்து கீச்சென்று ஓர் அழுகை கிளம்பியது. நிஸா பதறித் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே அழுகை. இப்போது ஒரு குரல் இல்லை, இரண்டு மூன்று.

அவள் அம்மா பௌசியா ஏணி வைத்து ஏறிப் பழைய சாக்குகளை விலக்கினாள். பிறகு முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு இறங்கினாள். கண் திறக்காத மூன்று குட்டிகள். மூன்றும் காய்ந்த சுக்கின் நிறம். யாருடைய குட்டிகள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மலையாளத் துறைமுக ஊரின் ஜூ டவுன் தெருவில் நிஸாவின் அத்தா ஷாஃபிக்குச் சுக்கு வியாபாரம். கீழே கிடங்கு, மேலே வீடு. எலிக்காக அவர் வளர்த்த சுக்கு நிறப் பூனைதான் சுக்கி. தினமும் மீன் தலையைத் தன் கையால் போடுவார். அவர் குரல் கேட்டால் எந்த மூலையிலிருந்தும் ஓடி வரும்.

பிரசவத்துக்கு நிஸா வந்த பிறகுதான் பூனை தொந்தரவாகிப் போனது. எப்போதும் பருத்த உடம்பு என்பதால் அது சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அது துணி மடிப்புகளையும் அலமாரி மூலைகளையும் முகர்ந்துகொண்டு திரிந்தது. ஒரு நாள் தொட்டிலுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கைக்குழந்தை நிஸாவின் மடியில் இருந்ததால் தப்பித்தது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நிஸா அன்று சோறு சாப்பிடவில்லை. ஷார்ஜாவிலிருந்து அவள் கணவன் அல்தாஃப் போனில், பூனை முடி குழந்தையின் மூச்சில் போய்விடும் என்று பயமுறுத்தினான். நிஸா அத்தாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

குட்டிகள் அழுததற்கு முந்தின நாள் காலை ஷாஃபி ஒரு சாக்கை விரித்துப் பிடித்து, "சுக்கீ" என்று கூப்பிட்டார். அதுவே உள்ளே நடந்து போனது. ஸ்கூட்டரில் எடுத்துப் போனவர், தோப்பும்படி மீன் துறைமுகத்தில் விட்டுவிட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். கையில் நீளமாக ஒரு கீறல். அங்கே கூடை கூடையாக மீன், இனி அதற்கு ராஜ வாழ்க்கை என்று பௌசியா சிரித்தாள். நிஸாவுக்கும் மனசு லேசானது.

இப்போது மூன்று குட்டிகளும் தரையில் தலையை ஆட்டி ஆட்டி எதையோ தேடின. அந்தக் கத்தலில் நிஸாவின் மார்பில் பால் கசிந்து மேல்சட்டை நனைந்தது. அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். பௌசியா பசும்பாலில் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள். ஒன்றுகூடச் சப்பவில்லை.

சாயங்காலம் தேடப் போன ஷாஃபி வெறும் கையோடு வந்தார். எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாராம், காணவில்லையாம். மறுநாள் விடிந்தபோது ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மற்ற இரண்டின் குரலும் தேய்ந்துவிட்டது.

நிஸா செருப்பை மாட்டினாள்.

"புள்ள பெத்து நாப்பது நாள் கழியாம படி எறங்குனா ஊரு என்ன சொல்லும்?" என்று பௌசியா வழியை மறித்தாள்.

"ஊரா வந்து இதுங்களுக்குப் பால் குடுக்கும்?" என்றாள் நிஸா. குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

ஷாஃபி தடுத்துப் பார்த்தார். வெயில், கூட்டம், தையல் பிரியும் என்றார். நானே போகிறேன் என்றார். அவர் ஒருவர் குரலுக்கு வராவிட்டாலும் இரண்டு பேராகக் கூப்பிட்டால் வரும் என்று சொல்லி அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அவரும் ஏற வேண்டியதாயிற்று. பூனையைத் தேடியா துறைமுகம் போகிறீர்கள் என்று ஓட்டுநர் சேட்டன் வழியெல்லாம் சிரித்தார். கால்வாய்ப் பாலத்தில் வண்டி ஏறியபோது ஷாஃபி முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வெயிலுக்காக என்று நிஸா நினைத்தாள்.

துறைமுகத்தில் பூனைகளுக்குக் குறைவில்லை. காது கிழிந்தவை, ஒற்றைக் கண்ணோடு திரிபவை, கூடைகளுக்கு அடியில் உறுமிக்கொண்டு கிடப்பவை. ராஜ வாழ்க்கை வாழ்ந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. நிஸா ஒவ்வொரு கூடையாகக் குனிந்து, "சுக்கீ, சுக்கீ" என்று கூப்பிட்டாள். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஷாஃபி பின்னாலேயே வந்தார். அவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மீன் வெட்டிக்கொண்டிருந்த மாயம்மாள் ராமநாதபுரத்துக்காரி. மலையாளக் கூச்சலுக்கு நடுவே தமிழ்க் குரல் கேட்டு நிமிர்ந்தாள்.

"பூனையா தேடுறே? எத்தனை வேணும், அள்ளிக்கிட்டுப் போ தாயி."

நிஸா நிறம் சொன்னாள். முந்தாநாள் காலையில் சாக்கில் கொண்டுவந்து விட்ட பூனை என்றாள்.

"முந்தாநாளா?" மாயம்மாள் கத்தியை நிறுத்தினாள். "விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் இங்கதான் உக்காந்திருந்தேன். புதுசு ஒண்ணு வந்து எறங்குனா பழசுங்க எல்லாம் சேந்து கிழிச்சிரும், துறைமுகமே அலறும். முந்தாநாள் அப்படி எதுவும் வரலையே."

நிஸா திரும்பிப் பார்த்தாள். கையில் கீறல் இருந்த இடத்தை ஷாஃபி மறு கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"எங்க விட்டீங்க அத்தா?"

மாயம்மாள் தலையைக் குனிந்து மறுபடியும் மீனை வெட்டத் தொடங்கினாள்.

"குட்டி ரெண்டு இன்னும் உயிரோட இருக்கு. எங்க விட்டீங்கன்னு சொல்லுங்க, அங்கயே போவோம்."

ஷாஃபி கீறலைப் பொத்திய கையை எடுத்தார்.

"திரும்பி வரக்கூடாதுன்னு நீ சொன்னே மோளே... அந்தக் கால்வாய்ப் பாலத்துலேருந்து போட்டப்போ, சாக்கை நான் அவுக்கவே இல்ல."