கயிறு அறுந்த இடம்

முக்காலியில் கட்டிய கப்பி கிறீச்சிட்டது. பதினைந்தடி ஆழத்திலிருந்து ஏறி வந்த நீர்மூழ்கி மோட்டார், தண்ணீருக்கு வெளியே பாதி உடம்பைக் காட்டியதும் கயிறு படீரென்று அறுந்தது. மோட்டார் பழையபடி குட்டையின் அடிக்கே போய்ச் சேர்ந்தது.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க," என்றான் அண்ணியின் கொழுந்தன். எதற்கெடுத்தாலும் பறப்பதால் நாற்றுப்பண்ணையில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

அண்ணி அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பண்ணை அவள் பொறுப்பு. ஆட்கள் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். நேற்றுக் காலை குட்டைக்குள் தொங்கவிட்டிருந்த தாங்கி ஒடிந்து மோட்டார் விழுந்ததிலிருந்து எட்டாயிரம் நாற்றுகளும் வாடுகின்றன. வாளியில் மொண்டு ஊற்றி மாளவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் சருகு. ஆனாலும் அவள் மண்டையைக் குடைந்தது வேறொன்று: அடியிலிருந்து சமர்த்தாக வந்த கயிறு, அந்த இடத்தில் மட்டும் ஏன் அறுந்தது?

"புதுக் கயிறு வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி."

"நீ போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இரு."

கொட்டகையில் அதே வகை மோட்டார் ஒன்று எரிந்துபோய்க் கிடந்தது. தகட்டில் நூறு கிலோ என்றிருந்தது. நாலு பேரைத் தூக்கச் சொல்லி, விளிம்புவரை நிரப்பிய தொட்டிக்குள் அதை முழுக்கினாள். கீழே விரித்த தார்ப்பாயில் வழிந்த தண்ணீரை லிட்டர் குவளையால் மொண்டு அளந்தாள். இருபது குவளை.

"நாத்து அங்க சாகுது, அண்ணி இங்க தண்ணி அளக்கறாங்க!"

"இருபது லிட்டர், இருபது கிலோடா. உள்ள இருக்கறவரைக்கும் அந்த இருபதைத் தண்ணியே தாங்கிக்குது. கயிறு சுமந்தது எண்பதுதான். வெளிய வர வர நூறும் கயிறு தலையில. நம்ம கயிறு தொண்ணூறுக்கு மேல தாங்காது."

"அப்ப கண்ணு வச்சது தண்ணியா?"

"கை விட்டது தண்ணி. அதனால வெளியவே தூக்க வேணாம்."

ஐம்பது லிட்டர் டிரம் இரண்டு வந்தன, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. எண்பதும் நாலும் எண்பத்துநாலு. அதைத் தாங்கி மிதக்க, ஒரு டிரம்முக்கு நாற்பத்திரண்டு லிட்டர் அளவு முங்க வேண்டும். அந்த உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். அவசரம் மூழ்கி, மிஞ்சிய கயிற்றை மோட்டாரில் கட்டினான். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இழுத்து நிறுத்தி, காலி டிரம்களை இறுகப் பிணைத்தார்கள்.

"இப்ப மெதுவா விடு."

கயிறு தளர்ந்தது. டிரம்கள் இறங்கின. கோடு தண்ணீரைத் தொட்டது, தொட்டும் நிற்கவில்லை. அவசரம் பல்லைக் கடித்தான். கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போய், ஆடி, நின்றது.

"கணக்கு தப்பிடுச்சே அண்ணி!"

"தப்பலை. கூட ஆறு கிலோ யாரோ ஏறி உக்காந்திருக்காங்க. யாருன்னுதான் தெரியல."

மிதக்கும் மோட்டாரைக் குட்டையின் சரிவுப் பக்கம் ஓட்டிப்போனார்கள். கரையில் கனம் திரும்ப, ஆறு பேர் 'ஏலேலோ' போட்டு இழுத்தார்கள். மோட்டார் வாயிலிருந்து சேறு கொழகொழவென்று கொட்டியது.

"இவருதான்," என்றாள் அண்ணி.

கழுவினாள். டிரம்களை அவிழ்க்க விடவில்லை. ஒடிந்த தாங்கிக்குப் பதில் இனி அவையே தாங்கட்டும் என்றாள். குழாய் மாட்டுமுன் மறுபடி தண்ணீரில் தள்ளியபோது அவசரம் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தான். நீர் சரியாகக் கோட்டில் நின்றது.

"அண்ணி, வந்து பாருங்களேன்!"

அவளோ குழாயை மாட்டச் சொல்லி, சுவிட்சைப் போட்டுவிட்டு, முதல் பாத்தியில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். வந்தது.